குழுத்தொகுதி நியாயமா? சிங்கப்பூர்த் தேர்தல் முறை பற்றிய கேள்வி பதில்

1988-இலிருந்து ஓட்டுப் போடுகிறேன். பழைய தொகுதி வரைபடங்களைச் சேர்த்து வைப்பது என் பைத்தியம். ஒரே வீட்டில், ஒரே புளோக்கில் குடியிருந்தபடியே மூன்று தொகுதிகளுக்கு வாக்காளனாக இருந்திருக்கிறேன். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

தோ பாயோ வாசகர்: 2025-இல் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு (மசெக) 65.57 விழுக்காடு வாக்கு, 97-இல் 87 இடம். இது மோசடி இல்லையா?

மோசடி என்ற சொல்லை முதலில் கீழே வையுங்கள். எண்ணும் இடத்தில் வேட்பாளர்களின் முகவர்கள் நின்று பார்க்கிறார்கள். போட்ட ஓட்டு போட்டபடியே எண்ணப்படுகிறது. விஷயம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

2020-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது 61.24 விழுக்காடு வாக்கு, 93-இல் 83 இடம். அடுத்த தேர்தலில் வாக்கு நான்கு விழுக்காட்டுக்கு மேல் கூடியும் இடங்களின் பங்கு அசையவில்லை. இரண்டு முறையும் பத்தில் ஒன்பது. தொகுதியில் முந்தியவருக்கே வெற்றி என்ற முறையில், ஒரு கட்சியின் ஆதரவு தீவு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் இப்படித்தான் நடக்கும். இது பிரிட்டனிலிருந்து வந்த சீதனம். அங்கேயே 2024-இல் தொழிற்கட்சி 33.7 விழுக்காடு வாக்கில் 650-இல் 411 இடங்களை எடுத்தது.

குழுத்தொகுதி அந்தச் சாய்வைப் பெருக்குகிறது. அங்கே கட்சிகள் அணியாகப் போட்டியிடும், அணியில் ஒரு சிறுபான்மையினராவது இருக்க வேண்டும், முந்திய அணிக்கே எல்லா இடமும். தெம்பனிஸில் 2025-இல் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு 47 விழுக்காடு, மசெகவுக்கு 52. ஐந்து இடமும் மொத்தமாக ஒரு பக்கம். அதே கத்தி மறுபக்கமும் வெட்டும்: 2011-இல் அல்ஜுனிட்டில் வெளியுறவு அமைச்சர் உட்பட ஐந்து பேர் ஒரே இரவில் தோற்றார்கள்.

ஈசூன் வாசகர்: வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறதே. யாருக்குப் போட்டேன் என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. அந்த எண் கள்ள ஓட்டைப் பிடிக்க. எண்ணி முடித்ததும் சீட்டுகள் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் இருக்கும், பிறகு அழிக்கப்படும். நடுவில் திறக்க நீதிமன்ற ஆணை வேண்டும். இந்தப் பயம் எதிர்க்கட்சிக்குத்தான் நட்டம், அதனால் தயவுசெய்து பரப்பாதீர்கள்.

ஈப்போ வாசகர்: எங்கள் ஊரை விடவா மோசம்?

நோயே வேறு. உங்கள் மலேசியாவில் 2013-இல் மக்கள் கூட்டணிக்கு ஏறக்குறைய 51 விழுக்காடு, தேசிய முன்னணிக்கு 47. ஆட்சி தேசிய முன்னணிக்கு, 222-இல் 133 இடத்தோடு. காப்பாரில் ஒரு லட்சத்து 44 ஆயிரம் வாக்காளர், புத்ராஜெயாவில் 16 ஆயிரத்துக்கும் குறைவு, இரண்டுக்கும் தலா ஒரு உறுப்பினர். இங்கே குறைந்த வாக்கு வாங்கியவர் ஆட்சிக்கு வந்ததில்லை.

பொங்கோல் வாசகர்: எல்லையை யார் வரைகிறார்கள்?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பிரதமர் நியமிக்கும் எல்லை மறுஆய்வுக் குழு. அதில் இருப்பவர்கள் மூத்த அரசு அதிகாரிகள். தேர்தல் துறையும் பிரதமர் அலுவலகத்தின் கீழ்தான்.

என் வரைபடங்களை விரித்தால் ஒரு பழக்கம் தெரியும். யூனோஸில் 1988-இல் பாட்டாளிக் கட்சிக்கு 49 விழுக்காடு. 1997 தேர்தலில் யூனோஸ் இல்லை. அந்தத் தேர்தலில் செங் சானில் 45. 2001-இல் செங் சான் இல்லை. ஜூ சியாட்டில் 2011-இல் மசெக 51 விழுக்காட்டில் தப்பியது. 2015-இல் அந்தத் தனித்தொகுதி மரின் பரேட்டுக்குள் கரைந்தது. மக்கள்தொகை மாறுகிறது என்பார்கள். மாறட்டும், ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்லலாமே?

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: பொத்தோங் பாசிர் 1984 முதல் 2011 வரை எதிர்க்கட்சியிடம் இருந்தது, ஹவ்காங் 1991-இலிருந்து இருக்கிறது. இரண்டையும் கலைக்கவில்லை.

நேரமும் கணக்கில் உண்டு. 2001-இல் எல்லை அறிக்கை வந்தது அக்டோபர் 17. மறுநாள் நாடாளுமன்றம் கலைந்தது. நவம்பர் 3 வாக்களிப்பு. புதுத் தொகுதியில் எதிர்க்கட்சிக்காரர் வீடு வீடாக ஏற எத்தனை நாள்? அந்தத் தேர்தலில் 84-இல் 55 இடங்கள் போட்டியின்றி முடிந்தன. ஆகவே ‘2001-இல் 75 விழுக்காடு’ என்று யாராவது பெருமை பேசினால், போட்டி நடந்த 29 இடங்களின் கணக்கு அது என்று நினைவூட்டுங்கள். எப்போதும் சொல்வேன்: போட்டியின்றிப் போன இடங்களைப் பார்க்காமல் விழுக்காடு பேசாதீர்கள்.

ஜூரோங் வாசகர்: குழுத்தொகுதி இல்லாவிட்டால் நம் இந்தியர், மலாய்க்காரர் யார் உள்ளே போவார்கள்?

1981-இல் ஆன்சன் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜெ.பி. ஜெயரத்தினம் வென்றார். வாக்காளர்களில் பெரும்பாலோர் சீனர்கள். 1988 தேர்தலுக்குள் ஆன்சனே வரைபடத்தில் இல்லை. 2016-இல் புக்கிட் பாத்தோக்கில் முரளி பிள்ளை, சீன வேட்பாளரை எதிர்த்து 61 விழுக்காடு வாங்கினார்.

அதே வாசகர்: இரண்டு பெயரைச் சொல்லித் தப்பாதீர்கள், அண்ணே. 1989-இலிருந்து வீவக (அரசு வீட்டு வாரியம்) வீடுகளில் இன விகிதாசாரம் இருக்கிறது. எந்தத் தொகுதியிலும் நாம் சிறுபான்மைதான். மலாய்க்காரருக்கு, அவர்களின் பழைய வட்டாரமான கேலாங் செராய் போல ஒன்று கூட மிஞ்சவில்லை.

சரி, இது நல்ல வாதம். ஒப்புக்கொள்கிறேன். அரசே கலைத்து விட்ட பலத்துக்கு அரசே ஈடு கொடுக்க வேண்டும். ஆனால் அணிக்கு ஒரு சிறுபான்மையினர் போதும் என்பது சட்டம். 1988-இல் மூன்று பேர் அணி. 1991-இல் நான்கு. 1997-இல் ஆறு வரை. மூன்று பேர் அணியில் மூன்றில் ஒருவர் நம்மவர். ஆறு பேர் அணியில் ஆறில் ஒருவர் வைத்தாலே சட்டம் திருப்தி. பெரிதாக்கியது யாருக்காக?

ஹலிமா யாக்கோப் 2017-இல் அதிபர் தேர்தலுக்காக மார்சிலிங் - இயூ டீயிலிருந்து விலகினார். அணியின் மலாய் உறுப்பினரே போன பிறகும் இடைத்தேர்தல் இல்லை. சிறுபான்மைக்காகத்தான் இந்த ஏற்பாடு என்றால் அந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டாமா?

அதே வாசகர்: அப்படியென்றால் ஒழித்துவிடலாமா?

ஒழிக்கச் சொல்லவில்லை. மூன்று பேர் போதும் என்கிறேன். இதற்கு மேல் நாம் இருவரும் காப்பிக் கடையில் வைத்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

செங்காங் வாசகர்: தொகுதியில்லா உறுப்பினர் இருக்கிறார்களே, போதாதா?

தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவருக்கு நாற்காலி. 2017-இலிருந்து முழு வாக்குரிமையும் உண்டு. பேசலாம், கவனிக்க ஒரு பேட்டை கிடையாது.

உட்லண்ட்ஸ் வாசகர்: வாக்குச்சீட்டு எண்ணை வைத்து...

ஈசூன் பதிலைப் பாருங்கள்.

பிடோக் வாசகர்: வரிசை எண் பற்றி ஒரு சந்தேகம்.

மேலே. இரண்டு முறை.

புக்கிட் மேரா வாசகர்: என் வீடு எந்தத் தொகுதியில் வருகிறது?

தேர்தல் துறை இணையத்தளத்தில் விவரத்தைப் போட்டால் வரும். அடுத்த தேர்தலுக்கு முன் மறுபடியும் போட்டுப் பாருங்கள்.