திரை எவ்வளவு பெரியது, புரொஜெக்டர் எங்கே? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் அறை 5 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் 2.9 மீட்டர் உயரமும் உடையது. சோபாவில் அமர்ந்தால் திரைச் சுவருக்கும் கண்ணுக்கும் 4 மீட்டர் இடைவெளி இருக்கும். அறையின் நடுவில் மின்விசிறி இருக்கிறது. வாங்க நினைக்கும் புரொஜெக்டரின் த்ரோ ரேஷியோ 1.5 முதல் 1.65 வரை. அதைப் பின்சுவரில் ஒரு பலகை அடித்து வைத்துவிட்டு 120 அங்குலத் திரை போடலாமா? மாலையில் விளக்கு எரியும்போது விளையாட்டுப் போட்டிகளும் பார்ப்போம்.

பதில்: முதலில் அந்தப் பலகையைக் கைவிடுங்கள். த்ரோ ரேஷியோ என்பது லென்ஸிலிருந்து திரை வரையுள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். திரையின் அளவு மூலைவிட்டத்தில் சொல்லப்படுவதால் பலரும் மூலைவிட்டத்தாலேயே வகுத்துவிடுகிறார்கள். 16:9 விகிதத் திரையில் மூலைவிட்டத்தை 0.87 ஆல் பெருக்கினால் அகலமும், 0.49 ஆல் பெருக்கினால் உயரமும் கிடைக்கும். அதன்படி 100 அங்குலத் திரை ஏறத்தாழ 2.21 மீட்டர் அகலமும் 1.25 மீட்டர் உயரமும் கொண்டது. 120 அங்குலத் திரைக்கு இவை 2.66 மீட்டர், 1.49 மீட்டர். பின்சுவரில் வைத்தால், கருவியின் உடலுக்கும் பின்னால் வரும் கம்பிகளுக்கும் 35 சென்டிமீட்டர் போக, லென்ஸ் 4.65 மீட்டரில் நிற்கும். ஜூமை அதன் கடைசி எல்லையான 1.65 வரை சுருக்கினாலும் அங்கிருந்து விழும் படம் 2.82 மீட்டர் அகலத்துக்குக் குறையாது. அது 127 அங்குலம். நீங்கள் கேட்ட திரையையே தாண்டி வழியும்.

எந்த அறையாக இருந்தாலும் முதலில் இருக்கையையும், அதற்கேற்பத் திரையையும், கடைசியில் புரொஜெக்டரின் இடத்தையும் முடிவு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். திரையின் அகலம் கண்ணுக்கு 30 முதல் 40 பாகைக் கோணத்தில் விரிந்தால் படம் பார்க்க நிறைவாக இருக்கும். மூலைவிட்டத்தின் 1.6 மடங்கு தூரத்தில் அமர்ந்தால் 30 பாகையும், 1.2 மடங்கு தூரத்தில் அமர்ந்தால் 40 பாகையும் கிடைக்கும். உங்கள் 4 மீட்டருக்கு 100 அங்குலம் ஏறத்தாழ 31 பாகை, 120 அங்குலம் ஏறத்தாழ 37 பாகை. பார்க்கும் தூரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் இரண்டும் சரியே.

ஆனாலும் நான் 100 அங்குலத்தையே சொல்வேன், காரணம் வெளிச்சம். 120 அங்குலத் திரையின் பரப்பு 100 அங்குலத்தைப் போல 1.44 மடங்கு, அதே ஒளி அவ்வளவு பரப்பில் பரவும்போது படத்தின் ஒளிர்வு சுமார் 30 விழுக்காடு குறைந்துவிடும். கருவி வீசும் ஒளியின் அளவாகப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமென் எண், நிறங்கள் இயல்பாகத் தெரியாத மிகப் பிரகாசமான நிலையில் எடுக்கப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். சினிமா நிலைக்கு மாற்றினால் அது வெகுவாக இறங்கிவிடும். இருட்டறையில் இந்த இழப்பு பொருட்டல்ல என்றாலும், விளக்கு எரியும் அறையில் கறுப்பு சாம்பலாகி, ஆட்டக்காரர்களின் நிழல்கூடத் தரையோடு கலந்துவிடும்.

இனி உயரம். இதில் சற்று நிதானம் வேண்டும். பல புரொஜெக்டர்கள் படத்தை லென்ஸின் மட்டத்துக்கு நேராக வீசாமல், மேசைமேல் வைத்தால் சற்று மேலாகவும், தலைகீழாகத் தொங்கவிட்டால் அதே அளவு கீழாகவும் வீசுகின்றன. இந்த விலகல் படத்தின் உயரத்தில் 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்; உங்கள் கருவிக்கான எண் கையேட்டில் இருக்கும். கருவியைக் கூரையோடு ஒட்டி, லென்ஸ் 2.7 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி மாட்டினால், படத்தின் மேல்விளிம்பு 2.58 மீட்டரிலும் கீழ்விளிம்பு 1.33 மீட்டரிலும் விழும். சோபாவில் அமர்ந்தவரின் கண் 1.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும் என்பதால், படம் முழுவதையும் கழுத்தைத் தூக்கியே பார்க்க வேண்டியிருக்கும். அதோடு, 2.6 மீட்டர் உயரத்தில் சுழலும் மின்விசிறியின் இறக்கை ஒளிக்கற்றைக்குள் புகுந்து படத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். ஒரு குழாய்த் தாங்கியால் லென்ஸை 2.12 மீட்டருக்கு இறக்கிவிட்டால், படம் 0.75 மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரை அமைந்து கண் அதன் கீழ்மூன்றில் ஒரு பகுதிக்குள் வரும். ஒளி முழுவதும் விசிறிக்குக் கீழேயே கடந்துவிடும். விசிறிக் காற்றில் படம் நடுங்காதபடி குழாய் தடிமனாக இருக்கட்டும்.

100 அங்குலத்துக்கு லென்ஸ் 3.32 முதல் 3.65 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டு எல்லைகளையும் விட்டு 3.5 மீட்டரில் மாட்டுங்கள். அந்தத் தூரத்தைச் சுவரிலிருந்து அளக்காமல் திரையின் பரப்பிலிருந்து அளக்க வேண்டும் என்பதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன். என் வீட்டில் சுருள்திரையின் உறை சுவரைவிட்டு 12 சென்டிமீட்டர் முன்தள்ளி வந்ததைக் கவனிக்காமல், சுவரிலிருந்து அளந்து, ஜூமின் எல்லையிலேயே துளையிட்டுவிட்டேன். படம் 8 சென்டிமீட்டர் அகலம் குறைந்து விழுந்தது. பெரிதாக்க ஜூமில் இடம் மிச்சமில்லை. கூரையில் பழைய துளையை அடைத்த பூச்சுத் தழும்பு இன்றும் தெரிகிறது. ஆகவே துளையிடுவதற்கு முன் சுவரில் காகித நாடாவால் 2.21 மீட்டருக்கு 1.25 மீட்டர் கட்டம் ஒட்டி, இரண்டு மூன்று மாலைகள் சோபாவில் அமர்ந்து பாருங்கள்.

கேள்வி: புரொஜெக்டரை ஓரத்து மேசையில் வைத்துக் கோணலைக் கீஸ்டோன் வசதியால் நேராக்கிக்கொண்டால் போதாதா?

பதில்: படம் நேராகும், ஆனால் இழப்பு உண்டு. கீஸ்டோன் என்பது கோணலாக விழும் படத்தை மின்னணு முறையில் வெட்டிச் சுருக்கி நேராகத் தெரியச் செய்வது. அதனால் கருவியின் புள்ளிகளில் ஒரு பகுதி பயன்படாமல் போகிறது. எழுத்துகளின் விளிம்பும் மழுங்குகிறது. லென்ஸ் ஷிஃப்ட் உள்ள கருவியில் லென்ஸே நகர்ந்து படத்தை நகர்த்துவதால் இந்த இழப்பு இல்லை. எனினும் அதைக் கொண்டும் கருவியைத் திரைக்கு நேர்முகமாகவே வைக்க வேண்டும். சாய்த்து வைக்கக் கூடாது.

கேள்வி: திரைக்கு அடியிலேயே வைக்கும் மிகக் குறுந்தூரப் புரொஜெக்டரை வெள்ளைச் சுவரில் பயன்படுத்தலாமா?

பதில்: த்ரோ ரேஷியோ 0.25 என்றால் 100 அங்குலப் படத்துக்கு லென்ஸ் 55 சென்டிமீட்டரில் நின்றால் போதும். ஆனால் ஒளி மிகச் சாய்வாக ஏறுவதால், பூச்சில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம்கூட நேர்க்கோடுகளை அலையாக வளைத்துவிடும். இவ்வகைக் கருவிக்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரையே ஏற்றது, சுருள்திரையும் வேண்டாம்.