மாமனாரின் ஷூ பெட்டியில் கிளமென்டே கையெழுத்து: அசலா, எப்படிக் காப்பது?

பிட்ஸ்பர்க்கில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மாமனார் அமெரிக்கர், 75 வயதைத் தாண்டியவர். 1960களின் தொடக்கத்தில், பையனாக இருந்தபோது, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் சொந்த மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் வாசலில் காத்துக் கிடந்து வாங்கிய கையெழுத்துகள் ஒரு ஷூ பெட்டியில் கிடைத்திருக்கின்றன. ஒரு பேஸ்பால் பந்து, ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு கட்டு, சில போஸ்ட்கார்டுகள். பந்தில் பைரேட்ஸின் நட்சத்திர ஆட்டக்காரர் ரொபர்டோ கிளமென்டேயின் பெயர் இருக்கிறதாம். "இது அசல்தானா? மை மங்கிவிட்டது, அதன் மேலேயே பேனாவால் லேசாக எழுதிவிடலாமா? விற்பதென்றால் என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

நடுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். தயவுசெய்து எழுதாதீர்கள். மங்கிய அசல் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, மேலே இன்னொருவர் எழுதிய கையெழுத்துக்குக் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. ஈரத்துணியால் துடைப்பது, பளபளப்புக்காக வார்னிஷ் பூசுவது, கிழிந்த அட்டைக்கு செலோடேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது, இவை எதுவும் வேண்டாம். பந்தின் மேல் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூசும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அப்படிப் பூசிய பந்துகள்தான் இன்று தேன் நிறத்துக்கு மஞ்சளித்துப் போய்க் கிடக்கின்றன.

சரி, அசலா? பந்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். லீக்கின் அதிகாரபூர்வப் பந்து என்றால், தையல்களுக்கு நடுவே லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நேஷனல் லீக் அணி. அந்த லீக்கின் தலைவராக 1951 முதல் 1969 வரை இருந்தவர் வாரன் ஜைல்ஸ், அப்போது பந்து செய்தது ஸ்பால்டிங் நிறுவனம். ஆகவே ஜைல்ஸ் பெயரும் ஸ்பால்டிங் முத்திரையும் இருந்தால் உங்கள் மாமனார் சொல்லும் காலத்தோடு பந்து பொருந்துகிறது. ராலிங்ஸ் என்ற வேறு நிறுவனம் செய்த நேஷனல் லீக் பந்து என்றால் சந்தேகமே வேண்டாம், அந்தக் கையெழுத்து போலி. அந்த லீக்குக்கு ராலிங்ஸ் பந்து வந்தது 1977இல், ஆனால் கிளமென்டே 1972 டிசம்பர் 31 அன்றே இறந்துவிட்டார். நிகராகுவா நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு உதவிப் பொருள் ஏற்றிப்போன விமானம் அவரோடு கடலில் விழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30இல்தான் தன் 3000ஆவது ஹிட்டை (பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் தளத்தையாவது எட்டினால் அது ஹிட்) அடித்திருந்தார், அதுவே சீசன் ஆட்டங்களில் அவருடைய கடைசி ஹிட்டாகவும் ஆகிவிட்டது. அவர் பெயருள்ள பந்துக்கு இவ்வளவு தேவை இருப்பதும், போலிகள் மலிந்திருப்பதும் இதனால்தான்.

அடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பால்பாயின்ட் பேனா தோலில் மெல்லிய பள்ளம் விடும், மை போனாலும் அந்தத் தடம் இருக்கும். கடையில் விற்ற நினைவுப் பந்துகளில் மொத்த அணியின் கையெழுத்தையும் அச்சடித்திருப்பார்கள்: எல்லாம் ஒரே நிற மை, ஒரே அழுத்தம், ஒன்றின் மேல் ஒன்று ஏறாது, தடவினால் பள்ளமும் தெரியாது. அட்டைகளிலும் இதே கவனம் தேவை. டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட அட்டைகளைப் போலச் சிலவற்றில் கையெழுத்தையும் சேர்த்தே அச்சடித்தார்கள், அது ஆட்டக்காரர் கைப்பட எழுதியதல்ல.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மாமனாரை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பொருளையும் எடுத்துக் காட்டி, இதை நேரில் வாங்கினீர்களா, தபாலில் வந்ததா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் நிறைய அடங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வரும், கிளப்ஹவுஸில் (ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் இடத்தில்) வேலை பார்த்தவர்களே அவர்கள் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது சர்வசாதாரணம். எந்த வாசல், கூட யார் இருந்தார்கள், பேனா யாருடையது, அவர் ஏதாவது பேசினாரா, எல்லாவற்றையும் கேளுங்கள். டாப்ஸ் அட்டைகளில் வெகுகாலம் "பாப் கிளமென்டே" என்றுதான் போட்டார்கள், அவருக்கோ ரொபர்டோ என்று அழைப்பதுதான் பிடிக்கும். மைதான வாசலில் பையன்கள் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். அந்தப் பையனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத விஷயம் அது. போஸ்ட்கார்டுகளில் தபால் முத்திரைத் தேதி இருந்தால் அது நல்ல சாட்சி. அவர் சொன்னதை எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தையும் வாங்கிப் பெட்டியோடு வையுங்கள்.

பாதுகாப்பது சுலபம். ரப்பர் பேண்டை இன்றே கழற்றுங்கள், அட்டையில் ஒட்டிப்போயிருந்தால் இழுக்க வேண்டாம், ஒட்டிய துண்டை அப்படியே விட்டுவிடுங்கள். ஷூ பெட்டிக்குப் பதில் அமிலமில்லாத காகிதப் பெட்டி, அட்டைகளுக்கு பாலியெஸ்டர் உறை (பிவிசி கூடாது), பந்துக்கு அக்ரிலிக் கூண்டு. பேஸ்மென்டில் ஈரம், பரணில் வெக்கை, இரண்டும் ஆகாது. நீங்கள் தூங்கும் அறையின் அலமாரியே போதும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கூண்டு என்று விற்பதை நம்பி ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள், சாதாரண வெளிச்சமும் மையைத் தின்னும்.

விற்பதாக இருந்தால் கையெழுத்தைச் சோதித்துச் சொல்லும் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்களில் ஒன்றின் சான்று இல்லாமல் நல்ல ஏலக்காரர் யாரும் தொடமாட்டார். மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு அசல் பொருளில் ஹாலோகிராம் முத்திரை ஒட்டும் திட்டம் 2001இல் தொடங்கியது, அவர்களுடைய ஆள் நேரில் பார்த்த பொருளுக்கு மட்டும்தான் அது, உங்களுக்கு உதவாது. 1990களின் இறுதியில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் சான் டியாகோவில் பிடித்த போலிக் கையெழுத்துக் கும்பல், அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூடத் தயாரித்து வைத்திருந்தது. அதனால் பழைய கடையில் யாரோ கொடுத்த சான்றிதழை நம்பி விலை பேசாதீர்கள். முதலில் பந்தை மட்டும் சான்றுக்கு அனுப்புங்கள், கட்டணம் கையெழுத்தின் பெயரைப் பொறுத்து மாறும். அனுப்பும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, காப்பீடு போட்டு அனுப்புங்கள். ஆனால் இதற்கெல்லாம் மாமனாரின் சம்மதம் முதலில் வேண்டும். பெட்டி அவருடையது.