டத்தோவும் நாற்பதாயிரம் வெள்ளியும்

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர்கள். இப்போது டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 58 வயது. நாலு மாதம் முன்பு எங்கள் கோயில் மண்டபத்தில் டத்தோ என்ற கௌரவப் பட்டம் உள்ள ஒருவர் வந்து முதலீட்டுத் திட்டம் பற்றிப் பேசினார். அழைத்து வந்தவர் கோயில் தலைவர், எங்களுக்கு மாமா முறை. மாதம் 4 விழுக்காடு லாபமாம். என் நாத்தனார் பத்தாயிரம் போட்டு, மூன்று மாதமாக 400 வெள்ளி (ரிங்கிட்) தவறாமல் வாங்குகிறார். இன்னும் பத்துக் குடும்பத்துக்குத்தான் இடமாம், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். எஸ்எஸ்எம் (கம்பெனிப் பதிவு ஆணையம்) சான்றிதழ், முத்திரை குத்திய ஒப்பந்தம் எல்லாம் காட்டினார்கள். இபிஎப் சேமநிதியிலிருந்து நாற்பதாயிரம் எடுத்துப் போடலாம் என்கிறார் இவர். போடலாமா? வேண்டாமென்றால் மாமா முகத்தில் எப்படி விழிப்பது?

பதில்: வணக்கம் அம்மா. போடாதீர்கள். மாதக் கடைசி நெருங்குவதால் இதை முதலில் சொல்லிவிட்டேன். காரணங்களைப் பொறுமையாகப் படியுங்கள், வீட்டுக்காரரையும் படிக்கச் சொல்லுங்கள்.

என் அப்பாவும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தான். விடியுமுன் பெரட்டுக்களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் நிற்பார். கிராணி (தோட்டத்து எழுத்தர்) புத்தகத்தோடு வந்தால் எல்லாப் பேச்சும் நின்றுவிடும். சம்பளக் கணக்கில் ஒரு நாள் குறைந்தாலும் கேட்கத் தயங்குவார்கள். அப்பா ஓய்வுபெற்ற பிறகு, நீளக்கைச் சட்டையும் ஃபைலுமாக ஒருவர் வீட்டுக்கு வந்தார். நிலம் வாங்கும் திட்டம் என்றார். அப்பா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். எண்ணாயிரம் வெள்ளி போனது. பணத்தைவிட, அவர் நின்றுகொண்டே எழுதியதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஃபைல் வைத்திருப்பவரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று நம் ஜனங்களுக்கு எத்தனையோ வருடம் பழக்கிவிட்டார்கள். ஏமாற்றுக்காரனுக்கு அந்தப் பழக்கம் போதும்.

சரி, அவர்கள் காட்டிய காகிதங்களைப் பார்ப்போம். எஸ்எஸ்எம் சான்றிதழ் என்பது இந்தப் பெயரில் ஒரு கம்பெனி பதிவாகியிருக்கிறது என்பதற்கு மட்டும் அத்தாட்சி. சாப்பாட்டுக் கடைக்கும் அது உண்டு. பொதுமக்களிடம் பணம் வாங்க அது அனுமதி ஆகாது. ஒப்பந்தத்தில் இருக்கும் முத்திரை பலரை ஏமாற்றிவிடுகிறது. அது வருமான வரி வாரியத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியதற்கான அடையாளம். சாதாரண ஒப்பந்தத்துக்குப் பத்து வெள்ளி கட்டினால் கிடைத்துவிடும். உள்ளே எழுதியிருப்பதை அரசாங்கம் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டது என்று அதற்கு அர்த்தமே இல்லை.

டத்தோ பட்டம் உண்மையாகவே இருக்கலாம். போலிப் பட்டங்கள் பெருகிப்போய், 2017-இல் அதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்த நாடு இது. ஆனால் உண்மையான பட்டமும் ஒரு மரியாதைதான், உரிமம் ஆகாது. வைப்புத்தொகை வாங்க மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும். மற்றவர் பணத்தை வாங்கி முதலீட்டை நிர்வகிக்க, முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷனின் உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் வைப்புத்தொகை வாங்கினால் 2013 நிதிச் சேவைச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை, 50 மில்லியன் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்புறம் அந்த 400 வெள்ளி. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பதாயிரத்துக்கு மாதம் 4 விழுக்காடு என்றால் 1,600 வெள்ளி. உங்கள் பணத்தை அப்படியே பெட்டியில் வைத்து, எந்தத் தொழிலும் செய்யாமல், அதிலிருந்தே 25 மாதம் அவர்கள் உங்களுக்கு ‘லாபம்’ கொடுக்க முடியும். நாத்தனாருக்கு இதுவரை வந்தது 1,200. அவர் போட்ட பத்தாயிரத்தில் அது ஒரு சிறு பகுதி. மூன்று மாதம் ஒழுங்காக வந்தது என்பது எதையும் நிரூபிக்கவில்லை. அடுத்தவரை அழைத்து வர அது ஒரு விளம்பரம், அவ்வளவுதான்.

படிக்காத தோட்டத்து ஜனங்கள்தான் இதில் விழுவார்கள் என்று வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவில் பெர்னார்ட் மேடாஃப் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே தலைவராக இருந்தவர். அவர் நடத்திய மோசடி முதலீட்டுத் திட்டத்தில் பெரிய லாபம் காட்டவில்லை, ஆண்டுதோறும் சீராகக் காட்டினார். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார், இடமில்லை என்று சிலரைத் திருப்பி அனுப்புவார். அவருடைய யூத சமூகத்து அறநிலையங்களே அவரை நம்பிப் பணத்தை இழந்தன. 2008 டிசம்பரில் கைதானார், மறு வருடம் 150 ஆண்டு சிறைத் தண்டனை. உங்கள் ‘பத்துக் குடும்பம்’ எனக்கு அவரைத்தான் ஞாபகப்படுத்தியது.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நம்புவது அந்த டத்தோவை இல்லை, கோயில் தலைவரை. இத்தனை வருடம் திருவிழா நடத்தி அவர் சேர்த்த நல்ல பெயரைத்தான் வந்தவர் இரவல் வாங்கியிருக்கிறார். மாமாவும் தன் பணத்தைப் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அதனால் அவரோடு சண்டை வேண்டாம். “மாமா, பேங்க் நெகாராவைக் கேட்காமல் இபிஎப் பணத்தைத் தொடுவதில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம்” என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணுக்குப் போன் செய்து கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பேங்க் நெகாரா, செக்யூரிட்டிஸ் கமிஷன் இரண்டின் இணையதளத்திலும் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது, பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் நல்ல கம்பெனி என்று ஆகிவிடாது. உரிமம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. திட்டக்காரர்கள் கொடுக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்காதீர்கள்.

வீட்டுக்காரர் பணம் இபிஎப்பிலேயே இருக்கட்டும். 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தார்கள். நாற்பதாயிரத்துக்கு 2,520 வெள்ளி. 55 வயதாகிவிட்டது என்பதற்காக எடுத்தே தீர வேண்டியதில்லை, 100 வயது வரை லாப ஈவு உண்டு. அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.

நாத்தனார் இன்றைக்கே அசலைத் திருப்பிக் கேட்க வேண்டும், வாட்ஸ்ஆப்பிலாவது எழுத்தில். ஒப்பந்தம், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்தட்டும். சாக்குப் போக்குச் சொன்னால் காத்திருக்காமல் போலீஸ் புகார் செய்யட்டும். யாராவது இப்போதுதான் பணம் அனுப்பியிருந்தால் உடனே தங்கள் வங்கிக்கோ மோசடிப் புகார் எண்ணான 997-க்கோ அழைக்க வேண்டும், அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பிறகு “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்” என்று ஒருவர் வருவார். அவருக்கும் நாற்காலி போட வேண்டாம் என்று நாத்தனாரிடம் சொல்லி வையுங்கள்.