லூகர் கைத்துப்பாக்கியில் 1920, 1917 என இரண்டு ஆண்டுகள் இருந்தால் அது எப்போது செய்யப்பட்டது?

உங்கள் குடும்பத்தில் யாரோ போரிலிருந்து கொண்டுவந்த பி-08 (ஜெர்மானியப் படைக்கான லூகர்) அது என்றும், 1920இல் செய்தது என்று ஒரு வியாபாரி சொல்லிவிட்டார் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். செய்த ஆண்டு 1917தான். முதல் உலகப் போருக்குப் பின், வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மானியத் தரைப்படையை 1,00,000 பேருக்குள் அடக்கிய காலத்தில், அரசிடம் இருந்த பழைய துப்பாக்கிகளில் உடைமை அடையாளமாக 1920 பொறிக்கப்பட்டது.

அமெரிக்காவில் என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் இப்படி ஒன்று இருந்தது. அதைப் பார்த்த கடைக்காரர், போருக்குப் பின் பொதுச் சந்தைக்காகச் செய்த மலிவுச் சரக்கு என்று அடிமாட்டு விலை சொன்னதால், பெரியவர் என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். அந்தச் சந்தைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் 7.65 மி.மீ. தோட்டாவுக்கானவை, இதுவோ 9 மி.மீ., குழல் 10 செ.மீ. வலப்பக்கத்தில் படை ஆய்வாளர்களின் கிரீட முத்திரைகள் வரிசையாக இருந்தன. வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் சிறு உறுப்புகளில் வெளிப்படையாகத் தெரிந்தன. சந்தைக்குச் செய்தவற்றில் அவற்றை மறைவான இடத்தில் பொறிப்பது வழக்கம். இத்தனையும் காட்டிய பிறகும், "மேலே ஆண்டு போட்டிருக்கிறதே" என்பதே கடைக்காரருடைய ஒரே வாதம். அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்று நான் இன்றுவரை நம்பவில்லை.

1920களில் பழுதுபார்த்துக் குழல் மாற்றியவையும் உண்டு என்பதை அறிவேன். விவரம் தெரிந்தவர்கள் அதற்காக என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். கொலைக்கருவிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் பதில் இல்லை.

வரிசை எண்ணை மட்டும் அனுப்பி ஆண்டு கேட்காதீர்கள். எண்கள் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கின. 10,000 நிறைந்ததும் எண்ணோடு அகரவரிசையில் அடுத்த எழுத்து சேர்ந்தது. ஆகவே ஒரே எண் பல ஆண்டுகளில் வரும். மேலே மடங்கும் இணைப்பில் டி.டபிள்யூ.எம். என்ற பின்னிய எழுத்துகள் இருந்தால் பெர்லின் நிறுவனம். கிரீடமும் எர்ஃபுர்ட் என்ற பெயரும் இருந்தால் அரசு ஆயுதசாலை. ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் கே அல்லது ஜி என்ற எழுத்தும், இணைப்பில் எஸ்/42 என்பதும் இருந்தால், அது மவுசர் நிறுவனம் 1934இலோ 1935இலோ செய்தது. படம் எடுப்பதற்காகத் துருவைத் தேய்த்து மெருகேற்றிவிடாதீர்கள். வலப்பக்க முத்திரைகள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் போதும்.