வெறும் மூலையைப் பார்த்து நாய் குரைக்கிறதா?

கேள்வி இதுதான்: "எங்கள் வளவு நாய் இரவில் ஒன்றுமே இல்லாத மூலையைப் பார்த்துக் குரைக்கிறது. எமதூதரைக் கண்டுவிட்டது என்கிறார்கள் பெரிசுகள். நாய்க்கு எங்களைவிட எவ்வளவு காது கேட்கும்?"

அந்த மூலையில் நெல் மூடை அடுக்கியிருக்கிறீர்களா? பெரும்போகம் வெட்டி முடிந்த வன்னி வீடுகளில் அநேகமாக அது எலிதான். பயந்த எலி 22,000 ஹேர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) அளவில் கத்தும். மனிதக் காது 20,000உடன் நின்றுவிடும், வயது போகப் போக அதுவும் குறையும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். தலையைச் சரித்து, இரண்டு காதையும் வெவ்வேறு பக்கம் திருப்பி, மூடைக்கும் சுவருக்கும் இடையில் மூக்கை வைத்தால் சந்தேகமே வேண்டாம். மூடைகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, பலகை போட்டு அடுக்குங்கள்.

"நாலு மடங்கு கேட்கும்" என்று பலரும் எழுதுவார்கள். எந்தச் சத்தம் என்று சொல்லாமல் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. 1983இல் அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஹெஃப்னர், மிகச் சிறிய சிவாவா இனம் முதல் மிகப் பெரிய செயின்ட் பெர்னார்ட் இனம் வரை நாய்களின் கேட்கும் திறனை அளந்து பார்த்தார். உடம்பு பெரிதோ சிறிதோ, கேட்கும் எல்லை பெரிதாக மாறவில்லை. கீழ்ச் சுருதியில் நாய்க்கு 67 ஹேர்ட்ஸ் அளவில் தொடங்குகிறது, எங்களுக்கு 20. அங்கே நாங்கள்தான் மேல். யானையின் அடிவயிற்று உறுமலில் 20க்குக் கீழே போகும் பகுதி நாய்க்கும் கேட்காது, உங்களுக்கும் கேட்காது. "எங்கள் நாய் யானையை முன்கூட்டியே அறியும்" என்று சண்டைக்கு வரவேண்டாம், அறியும்தான். கிளை முறிவதும் மணமும் போதும் அதற்கு.

பலர் கவனிக்காத ஒன்று, திசை. சத்தம் வந்த பக்கத்தை மனிதன் ஒரு பாகை அளவுக்குப் பிரித்தறிவான், நாய்க்கு ஏறக்குறைய 8 பாகை வேண்டும். 50 மீற்றர் தூரத்தில் அது 7 மீற்றர் பிசகு. ஆகவே காவல் கொட்டிலில் இருந்து ரோச் அடிக்கும்போது நாயின் மூக்கு நேரே காட்டும் இடத்தோடு நிறுத்தாதீர்கள். இரண்டு பக்கமும் ஏழெட்டு மீற்றர் அடித்துப் பாருங்கள். என்ன வந்தது என்பதை நாயிடம் விடலாம், எங்கே என்பதை உங்கள் காதாலும் பாருங்கள்.

நாயைக் கூப்பிட, நாய்க்கு மட்டும் கேட்கும் "சத்தமில்லா" விசில் வாங்க நினைத்தால், அதில் சுருதியை மாற்றும் திருகாணி தளர்ந்து சுருதி மாறினாலும் உங்களுக்குத் தெரியாது. நாய் வராது, நீங்கள் நாயைத் திட்டுவீர்கள். பூட்டும் நட்டை இறுக்கி வையுங்கள், அல்லது உங்களுக்கும் கேட்கும் சாதாரண விசிலே பாவியுங்கள். மிக உயர்ந்த சத்தம் காற்றில் சீக்கிரம் அடங்கிவிடும், வயல் தூரத்துக்கு அது உதவாது. கைபேசிச் செயலிகள் இன்னும் மோசம். அந்தச் சிறிய ஸ்பீக்கர் மனிதக் காதுக்கென்றே செய்தது.

கேட்டதற்கு வெளியே போகிறேன் என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. யானையை விரட்டும் யானை வெடியை நாய் கட்டியிருக்கும் தூணுக்குப் பக்கத்தில் கொளுத்துகிறார்கள். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிய மரத்தடியிலேயே நாயையும் கட்டுகிறார்கள். உட்காதில் சத்தத்தை உணரும் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது. நாய்க்கும் அப்படித்தான், எங்களுக்கும் அப்படித்தான். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க சத்தம் 6 டெசிபல் (சத்தத்தின் அளவு) குறையும். 5 மீற்றரில் கட்டியதை 40 மீற்றருக்குக் கொண்டுபோனால் 18 டெசிபல். வெடி நாளில் அவிழ்த்துவிடவும் கூடாது, பாய்ந்து காட்டுக்குள் ஓடிவிடும். உள்ளறையில் கதவைச் சாத்தி விசிறியைப் போட்டுவிடுங்கள்.

நாய் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், அதன் பின்னால் 2 மீற்றரில், காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் வீசாத இடத்தில் நின்று, காலைத் தட்டாமல் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காதுமடல்கூட அசையாவிட்டால் காதுக்குள் பாருங்கள். குழாய் முதலில் கீழே இறங்கி, பிறகு முழங்கை போல உள்ளே மடியும். பஞ்சுக் குச்சி அழுக்கை அந்த மடிப்புக்குள்தான் தள்ளும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் ஒன்றும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் நடுக்காதுக்குப் போய்விடும். விளிம்பில் உள்ள உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுக்கலாம். உள்ளே இருப்பதையும், கறுத்து நாறும் குறும்பியையும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.