கூட்டத்தைப் பாத்தாலே படபடப்பு

கேள்வி: கொரோனா நேரத்துல ஆரம்பிச்சது, எல்லாம் முடிஞ்சும் கூட்டத்துக்குள்ள போனா நெஞ்சு படபடங்குது, யாராவது இருமினா ஒதுங்கிடறேன். இது மனநோயா டாக்டர்?

பதில்: நீங்க மட்டும் இல்லீங்க, தொற்று வந்த முதல் வருஷத்துலயே உலகம் முழுக்க பதட்டமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடிச்சுன்னு உலக சுகாதார நிறுவனமே 2022-ல சொல்லுச்சு. மாசக்கணக்கா 'கிட்ட போகாத'ன்னு பழக்கின மூளை, போதும்னதும் கேட்டுடுமா என்ன? கூட்டத்தையே தவிர்த்தா அப்போதைக்கு நிம்மதிதான், ஆனா பயம் இன்னும் கெட்டியாகும், அதனால ஆள் கம்மியான நேரமா பாத்து போங்க, படபடப்பு வந்தா ஓடி வந்துடாம மூச்சை மெதுவா விட்டுக்கிட்டு அது குறையற வரைக்கும் அங்கயே நில்லுங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டலாம். (இருமறவங்ககிட்ட இருந்து ஒதுங்கறது நோய் இல்ல, நல்ல பழக்கம்!) தூக்கம், வேலை கெட்டுதுன்னா மனநல டாக்டரைப் பாருங்க, படபடப்புக்கு தைராய்டும் காரணமா இருக்கலாம், அந்த டெஸ்டையும் எடுத்துடுங்க.