அறுகம்பையில் பீட்சா கடை: அம்மாவின் ஈ.பி.எப். காசைப் போடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். டுபாயில் 7 வருடம் ஒரு பீட்சா கடையின் சமையலறையில் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். மா பிசைவதிலிருந்து அடுப்பு வரை எல்லா வேலையும் தெரியும். கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பையில் பிரதான வீதியில் ஓர் இடம் பார்த்திருக்கிறேன். மாத வாடகை 1 இலட்சத்து 20 ஆயிரம். ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கேட்கிறார் உரிமையாளர். செங்கல்லில் விறகுப் போறணை கட்டி, வரும் ஏப்ரலில் திறக்க ஆசை. கையில் 38 இலட்சம் இருக்கிறது. அம்மா தன் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு 10 இலட்சத்தைத் தருகிறேன் என்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்தால் 8 இலட்சம் கிடைக்கும். ஒரு பீட்சா 1,900 ரூபா, எனக்கு ஆகும் செலவு 650. ஒரு நாளைக்கு 40 விற்றால் மாதம் 15 இலட்சம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். இறங்கலாமா?

பதில்: இறங்கலாம் தம்பி. ஆனால் உங்கள் 38 இலட்சத்தை மட்டும் வைத்து இறங்குங்கள், அதையும் முழுதாகக் கொட்ட வேண்டாம். அம்மாவின் 10 இலட்சத்தைத் தொடாதீர்கள். நகையும் வீட்டிலேயே இருக்கட்டும். ஏன் என்று உங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன்.

ஒரு பீட்சாவில் 1,250 ரூபா மிஞ்சும் என்கிறீர்கள். மா, சீஸ், தக்காளி, எரிபொருள், பெட்டி எல்லாம் சேர்த்து 650 என்பது நியாயமான கணக்கு. சமையலறையில் நின்றவர் போட்ட கணக்கு என்று பார்த்தவுடன் தெரிகிறது. சிக்கல் அடுத்த வரியில்தான். நாளைக்கு 40, மாதத்துக்கு 30 நாள் என்று பெருக்கியிருக்கிறீர்கள். டுபாய்க் கடைக்கு அது சரியாக இருந்திருக்கும். அறுகம்பையின் வருடம் அப்படி ஓடாது. அங்கே அலை விளையாட்டுக்காரர்கள் வரும் காலம் மே முதல் செப்டெம்பர் வரை. ஏப்ரல் கடைசியையும் ஒக்டோபர் தொடக்கத்தையும் சேர்த்தால் ஆறு மாதம் என்று வையுங்கள். நவம்பரில் மழை இறங்கிவிட்டால் கடலும் பழுப்பாகி வீதியும் வெறிச்சோடிவிடும்.

ஒரு முறை நவம்பர் நடுவில் அங்கே போயிருந்தேன். தெரிந்த ஒருவரின் சாப்பாட்டுக் கடை. கதிரைகளை மேசைமேல் கவிழ்த்து கயிற்றால் கட்டியிருந்தார். ஆள் உயரப் பிரிட்ஜ் ஒன்று உறுமிக்கொண்டே இருந்தது. உள்ளே ஆறேழு தண்ணீர்ப் போத்தல்களும் பாதி வெட்டிய எலுமிச்சம்பழம் ஒன்றும்தான். பிரிட்ஜின் பின்பக்கக் கம்பிகளை விரலால் தடவிக் காட்டினார். துரு பொடியாக உதிர்ந்தது, உப்புக் காற்று. “அண்ணே, நிறுத்தினா திரும்ப வேலை செய்யாது, ஓட விட்டா பில் வருது” என்றார். அந்த மாத வாடகையையும் அவர் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஆகவே வருடக் கணக்குப் போடுவோம். சீசன் மாதங்களில் வாடகை 1 இலட்சத்து 20 ஆயிரம், இரண்டு உதவியாளர்களுக்கு 1 இலட்சத்து 30 ஆயிரம், கரண்டுக்கும் தண்ணீருக்கும் 45 ஆயிரம், உடைசல் பழுதுக்கு 25 ஆயிரம், உங்கள் வீட்டுச் செலவுக்கு 80 ஆயிரம். மாதம் 4 இலட்சம், ஆறு மாதத்துக்கு 24 இலட்சம். கடை மூடியிருக்கும் ஆறு மாதத்திலும் வாடகை, ஒரு காவல்காரர், பிரிட்ஜ் கரண்ட், வீட்டுச் செலவு என்று மாதம் 2 இலட்சத்து 30 ஆயிரம் போகும், அது 13 இலட்சத்து 80 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் வருடத்துக்கு 37 இலட்சத்து 80 ஆயிரம். இதை ஈடுகட்டவே 3,024 பீட்சா விற்க வேண்டும். 180 நாளில் பிரித்தால் நாளைக்கு 17. போட்ட முதலில் ஒரு ரூபாகூடத் திரும்பாத நிலையில் இது.

நல்ல வருடம் என்றால், நெரிசலான 100 நாளில் நாளைக்கு 40, மீதி 80 நாளில் நாளைக்கு 15 என்று விற்று 5,200 பீட்சா போகும். 65 இலட்சம் வரும், செலவு போக 27 இலட்சம் கையில் நிற்கும். அருமையான தொழில்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் வருடம் பெயர் தெரியாத கடைக்கு அதே நாள்களில் நாளைக்கு 25, 8 என்று போனால் 3,140 பீட்சாதான். செலவு போக மிஞ்சுவது 1 இலட்சத்து 45 ஆயிரம். நகையை அடகு வைத்திருந்தால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கடற்கரையில் பீட்சா விற்கும் நேரம் மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை, மூன்றே மணி நேரம். இரண்டு பீட்சா வைக்கும் கேஸ் அடுப்பில் (முதல் வருடத்துக்கு அதுதான் போதும், காரணம் பிறகு சொல்கிறேன்) ஒரு தடவைக்கு ஏழு நிமிடம் என்றால், எடுத்து வைக்கும் நேரத்தோடு மணிக்கு 14, 15தான் முடியும். 40 என்பது ஒரு நிமிடமும் சும்மா இல்லாமல் ஓடினால் கிடைக்கும் உச்ச எண். அதைச் சராசரியாக எடுத்துவிட்டீர்கள்.

இனி அம்மாவின் காசு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்தபோது கிழக்குக் கரையில் சீசன் தொடங்க இன்னும் சில நாள்தான் இருந்தது. வருட வாடகையை முன்கூட்டியே கட்டியவர்கள் வெறும் வீதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2020 மார்ச்சில் விமான நிலையம் மூடப்பட்டது. 2022 இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. கேஸ் சிலிண்டருக்கு விடியக் காலையிலேயே வரிசை, பெற்றோலுக்கும் வரிசை. நான்கு வருடத்துக்குள் மூன்று அடி. இதில் எதையும் கடைக்காரரின் திறமையால் தடுத்திருக்க முடியாது. உங்கள் கை மணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இப்படியொரு வருடம் மறுபடி வரலாம். வந்தால் உங்கள் 34 வயது அதைத் தாங்கும், திரும்ப டுபாய்க்குப் போயாவது எழுந்துவிடுவீர்கள். அம்மாவால் திரும்பக் கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாது.

அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். ஒவ்வொரு மாதமும் அவர் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, தோட்டம் 12 வீதம் போட்டு, முப்பது வருடத்துக்கு மேல் மழையிலும் பனியிலும் மலை ஏறி இறங்கிச் சேர்ந்த காசு. மலையகத்தில் பல தாய்மாருக்கு வாழ்க்கையில் ஒரே தடவை கைக்கு வரும் மொத்தத் தொகை அதுதான். பண்டாரவளையில் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, “மகன் கேட்டான், குடுத்திட்டேன்” என்று சொன்ன அம்மாமார்களை எண்ணிக்கையில் சொல்ல முடியவில்லை. யாரும் மகனைக் குறை சொன்னதில்லை. மருந்துக்குக் காசு கேட்கத்தான் வெட்கப்பட்டார்கள்.

அந்த 10 இலட்சம் அவர் பெயரிலேயே நிலையான வைப்பில் இருக்கட்டும். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியில், ஒருவருக்கு 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. அவருடைய முழுத்தொகையும் அதற்குள் அடங்கிவிடும். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் உள்ளவர் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அம்மா கொடுத்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நிறையப் பேர் கொடுக்காமலே இருக்கிறார்கள்.

சரி, போறணைக்கு வருவோம். விறகுப் போறணையின் மேல் உங்களுக்கு உள்ள ஆசை புரிகிறது. 400 பாகைச் சூட்டில் ஒன்றரை நிமிடத்தில் வெந்து, ஓரம் கருகி உப்பி வரும் பீட்சாவுக்கு ஈடு கிடையாது. ஆனால் அடுத்தவர் காணியில் செங்கல்லால் கட்டியதை லொறியில் ஏற்ற முடியாது. கடை நன்றாக ஓடினால் இரண்டாம் வருடம் உரிமையாளர் வாடகையைக் கூட்டுவார். விட்டுவிட்டு வரலாம் என்றால் போறணை அவருடையதாகிவிடும். நீங்கள் ஏற்றிய சூட்டில் இன்னொருவர் பீட்சா போடுவார். முதல் வருடத்துக்குக் கழற்றி எடுக்கக்கூடிய கேஸ் அடுப்பு போதும். பிரிட்ஜில்தான் கஞ்சத்தனம் கூடாது. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல் உள்ள ஊர், நம் வீட்டுத் திண்ணையில் பிசைந்த மா இரவு முழுக்கப் பொறுமையாக உப்பும். அறுகம்பையின் ஜூலை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் பொங்கிப் புளித்துவிடும். டுபாயில் ஏசி அறைக்குள் வேலை செய்ததால் இந்த வித்தியாசம் உங்களுக்குப் பட்டிருக்காது. மா உருண்டை அத்தனையும் பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், கரண்ட் நின்றால் அன்றைய வியாபாரமே போச்சு.

குத்தகைதான் நான் அதிகம் பயப்படும் இடம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதிக் கையெழுத்தாக வேண்டும் என்பது 1840 இலிருந்து உள்ள சட்டம். முத்திரை ஒட்டிய துண்டுக் கடதாசியை நம்பி 14 இலட்சத்து 40 ஆயிரத்தைக் கையில் எண்ணிக் கொடுக்காதீர்கள். உரிமையாளரின் காணி உறுதியை ஒரு சட்டத்தரணி பார்க்கட்டும். கடலோரத்திலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம், அங்கே கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கட்டடத்துக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

வருட வாடகையைக் கேட்பவரிடம் சீசனுக்கு மட்டும் ஆறு மாதம் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும் பரவாயில்லை, மூடிய கடைக்கு வாடகை கட்டுவதைவிட நல்லது. உங்கள் 38 இலட்சத்தில் முதலில் 10 இலட்சத்தை எடுத்து வேறு கணக்கில் போடுங்கள். மாதம் 80 ஆயிரம் வீதம் ஒரு வருட வீட்டுச் செலவு அது. கடைக்காக அதைத் தொடுவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிடுங்கள், கணக்குப் புத்தகமும் அவரிடமே இருக்கட்டும். மீதி 28 இலட்சம்தான் கடை. ஆறு மாத வாடகைக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம், பாவித்த அடுப்பு, மா பிசையும் இயந்திரம், நல்ல பிரிட்ஜ் ஆகியவற்றுக்கு 11 இலட்சம், மேசை கதிரை பெயர்ப்பலகைக்கு 5, முதல் சரக்குக்கு 2. இன்னும் 2 இலட்சத்து 80 ஆயிரம் மிஞ்சும். அது ஏதாவது உடைந்தால் எடுக்க.

சீஸ் விலை டொலரோடு ஏறி இறங்கும், அதனால் விலைப்பட்டியலை அச்சடிக்காமல் கரும்பலகையில் எழுதுங்கள். அறுகம்பையை ஒட்டிய பொத்துவிலில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். சமையலறை முழுவதும் ஹலாலாக இருந்தால் கூட்டம் குறைந்த வாரங்களிலும் வெள்ளி, சனிக்கிழமைகளில் உள்ளூரார் பிள்ளைகளோடு வருவார்கள். எலுமிச்சை, பழச்சாறுகளையும் மறக்க வேண்டாம், செலவோடு பார்த்தால் அவற்றில்தான் இலாபம் அதிகம். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும், உரிமத்தைப் பிரதேச சபையில் எடுக்க வேண்டும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து சமையலறையைப் பார்ப்பார். இவை அலைச்சல்தான், பெரிய செலவு இல்லை.

உதவிக்கு எடுக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் பங்காக ஈ.பி.எப். 12 வீதமும் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதமும் கட்ட வேண்டும். அதையும் சேர்த்துத்தான் மேலே 1 இலட்சத்து 30 ஆயிரம் என்று போட்டேன். இதை விட்டுவிடாதீர்கள். உங்கள் அம்மாவுக்கு இன்று 10 இலட்சம் இருப்பதே யாரோ இதை மாதாமாதம் கட்டியதால்தான்.

மழைக்கால ஆறு மாதத்துக்கு மலைக்குத் திரும்பி வாருங்கள். டிசம்பரிலிருந்து எல்லவில் வெளிநாட்டவர் கூட்டம். பீட்சா தெரிந்த கைக்கு அங்கே சம்பள வேலை கிடைக்கும். வெல்லவாய, மொணராகலை வழியாக வந்துவிடலாம். எல்லவிலேயே கடை போட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள். வாடகையும் போட்டியும் அங்கே இன்னும் கடுமை, முதல் கடைக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஒரு சீசன் ஓட்டிப் பார்த்து, நாளைக்குச் சராசரி 25 தாண்டினால் அடுத்த வருடம் மூன்று அல்லது ஐந்து வருடக் குத்தகையை, வாடகை எவ்வளவு கூடலாம் என்பதையும் எழுதி, நொத்தாரிசு முன் போடுங்கள். அப்போது போறணையைப் பற்றிப் பேசலாம்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று. இந்த சீசன் முடிவதற்குள் பஸ் ஏறி அறுகம்பைக்குப் போய், நீங்கள் பார்த்த இடத்துக்கு எதிரே மூன்று இரவு உட்காருங்கள். ஒன்று சனிக்கிழமையாகவும் மற்ற இரண்டும் வார நாளாகவும் இருக்கட்டும். ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை அந்த வீதியில் போகும் ஆட்களையும், பக்கத்துப் பீட்சா கடைகளிலிருந்து வெளியே வரும் தட்டுகளையும் கொப்பியில் கோடு போட்டு எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையையும் குத்தகைப் பத்திரத்தின் நகலையும் எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.